சுவர் முழுவதும் பெயர்கள்
பிராக் நகரின் யூத வீதிகளில் ஒரு சுற்று

செக் நாட்டின் தலைநகரம் பிராக். அங்கே ‘பின்காஸ் ஜெப ஆலயம்’ என்று ஒரு பழைய கட்டிடம் இருக்கிறது. 1535-ம் ஆண்டில் கட்டியது. உள்ளே போனால் சிலை இல்லை, ஓவியம் இல்லை. சுவர்கள் முழுவதும் கையால் எழுதிய பெயர்கள். எண்ணிக்கை ஏறக்குறைய 80 ஆயிரம்.

எல்லாம் பொடி எழுத்துகள். ஊர் பெயர் மஞ்சள் நிறத்தில். குடும்ப பெயர் சிவப்பு நிறத்தில். ஆளின் பெயரும் தேதிகளும் கறுப்பு நிறத்தில். ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு தேதிகள். முதல் தேதி, பிறந்த தேதி. இரண்டாவது இறந்த தேதி என்று நினைத்துவிட வேண்டாம். பலருக்கு அது, அவரை பற்றி கடைசியாக தெரிந்த தேதி. பெரும்பாலும் ரெயிலில் ஏற்றிய தேதி. ரெயில் போய் சேர்ந்த இடத்தில் என்ன ஆனார் என்பதற்கு கணக்கு கிடையாது.

ஹிட்லர் ஆட்சியில், இன்றைய செக் நாட்டு பகுதியில் இருந்து கொண்டு செல்லப்பட்டு மாண்டுபோன யூதர்களின் பட்டியல் அது. அமெரிக்காவில் இருந்தும், இஸ்ரேலில் இருந்தும், இங்கிலாந்தில் இருந்தும் யூத குடும்பங்கள் இதை பார்க்க வருகின்றன. தாத்தா பிறந்த ஊரை முதலில் தேடுகிறார்கள். பிறகு சிவப்பு எழுத்தில் குடும்ப பெயரை தேடுகிறார்கள். அகர வரிசையில் எழுதி இருப்பதால், பெயர் இருந்தால் கண்டுபிடித்து விடலாம்.

முன்னோர் வாழ்ந்த இடங்களை தேடி யூதர்கள் போகும் ஊர்கள் பல உண்டு. ஸ்பெயினில் டொலிடோ, போலந்தில் கிராக்கோ, இத்தாலியில் வெனிஸ். யூதர்களை ஒரே பேட்டையில் அடைத்து வைப்பதற்கு ‘கெட்டோ’ என்ற சொல் பிறந்ததே, 1516-ல், வெனிசில்தான். ஆனாலும் பிராக் நகரில் பார்க்க கிடைப்பது போல பழைய ஆலயங்கள், கல்லறைகள், பூஜை பொருட்கள், ஏடுகள் எல்லாம் ஒரே இடத்தில் நடந்தே பார்க்கும்படி வேறு எங்கும் கிடைப்பது அரிது. கட்டிடங்கள் தப்பின. பொருட்கள் தப்பின. அவற்றை வைத்திருந்த மனிதர்கள் தப்பவில்லை. இது எப்படி நடந்தது என்பதுதான் அந்த வீதிகளின் கதை.

ஆயிரம் ஆண்டு குடியிருப்பு

965-ம் ஆண்டு வாக்கில், இப்ராகிம் இபின் யாகூப் என்ற யூத பயணி ஸ்பெயினில் இருந்து இந்த பக்கம் வந்தார். பிராக் கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டிய ஊர் என்றும், பெரிய வியாபார தலம் என்றும் எழுதி வைத்தார். அப்போதே அங்கு யூத வணிகர்கள் இருந்தார்கள்.

பின்னர் நதிக்கரையை ஒட்டிய பகுதி அவர்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. சுற்றிலும் மதில். வாசல்களுக்கு கதவு. 1389-ம் ஆண்டு ஈஸ்டர் சமயத்தில் ஒரு கும்பல் உள்ளே புகுந்து கொன்று குவித்தது. அந்த படுகொலையில் உயிர் தப்பிய அவிக்டோர் காரா என்பவர் இரங்கற்பா ஒன்று பாடினார்.

சட்டமும் கொடுமையாகவே இருந்தது. 1726-ல் ஒரு உத்தரவு வந்தது. பொகிமியா பகுதியில் யூத குடும்பங்கள் 8,541-க்கு மேல் இருக்கக்கூடாது. ஒரு வீட்டில் ஒரு மகன் மட்டுமே கல்யாணம் செய்து கொள்ளலாம்! மற்ற மகன்கள் என்ன செய்வது? திருட்டுத்தனமாக கல்யாணம் செய்து கொள்ள வேண்டும். அல்லது வெளிநாடு போய்விட வேண்டும். இந்த சட்டம் 1848 வரை, 120 ஆண்டுகளுக்கு மேல் அமலில் இருந்தது. நடுவில் 1744-ல் மகாராணி மரியா தெரசா, பிராக் நகரில் இருந்து யூதர்கள் அனைவரையும் வெளியேற்ற உத்தரவிட்டார். 4 ஆண்டு கழித்துத்தான் திரும்ப அனுமதித்தார். அவருடைய மகன் இரண்டாம் ஜோசப் சில சலுகைகள் கொடுத்தார். அந்த நன்றிக்காகவே இன்றும் அந்த பகுதிக்கு ‘யோசெபோவ்’, அதாவது ஜோசப் பேட்டை என்று பெயர்.

கல் மேல் கல்

பின்காஸ் ஆலயத்தை அடுத்து பழைய கல்லறை தோட்டம். இதை நிதானமாக பார்க்க வேண்டும்.

சின்ன இடம். அதில் சுமார் 12 ஆயிரம் கல்லறை கற்கள் நெருக்கி அடித்துக்கொண்டு நிற்கின்றன. சில முன்னால் சாய்ந்து, சில பின்னால் சாய்ந்து, ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு இருக்கின்றன. யூதர்களுக்கு வேறு இடத்தில் நிலம் கிடைக்கவில்லை. பழைய கல்லறையை தோண்டி எடுப்பதும் அவர்கள் மத வழக்கப்படி கூடாது. அதனால் மேலே மண் கொட்டினார்கள். புதியவர்களை அதில் புதைத்தார்கள். கீழே இருந்தவரின் கல்லை மேலே எடுத்து வைத்தார்கள். மறுபடியும் மண், மறுபடியும் கல். சில இடங்களில் 12 அடுக்கு வரை இருக்கிறது. வாழ்ந்தபோது இருந்த நெருக்கடி, செத்த பிறகும் விடவில்லை.

இங்குள்ள மிக பழைய கல் 1439-ம் ஆண்டை சேர்ந்தது. 1389 படுகொலையை பாடிய அதே அவிக்டோர் காராவின் கல் அது. (அசல் கல்லை பாதுகாப்பாக உள்ளே எடுத்து வைத்து விட்டு, அதே போன்ற கல்லை வெளியே வைத்திருக்கிறார்கள்.) 1787-ல் ஊருக்குள் புதைக்கக்கூடாது என்று உத்தரவு வந்ததும் இந்த தோட்டத்தை மூடினார்கள்.

எபிரேய எழுத்து தெரியாதவர்களும் இந்த கற்களை ஓரளவு படிக்கலாம். ஆசி கூறும் இரண்டு கைகளை செதுக்கி இருந்தால், பூசாரி வம்சத்தை சேர்ந்தவர். கூஜா இருந்தால், பூசாரியின் கைகளில் நீர் வார்க்கும் லேவி வம்சம். கத்தரிக்கோல் இருந்தால் தையற்காரர். குழவியும் கல்வமும் இருந்தால் மருந்து செய்பவர். செத்த பிறகும் தொழிலை மறக்காமல் எழுதி வைத்த மக்கள்! பெயரையே படமாக போட்டவர்களும் உண்டு. டேவிட் கான்ஸ் என்ற வானசாஸ்திர பண்டிதர் 1613-ல் காலமானார். ‘கான்ஸ்’ என்றால் வாத்து. அவர் கல்லில் ஒரு வாத்து இருக்கிறது.

அதிக கூட்டம் நிற்பது, 1609-ல் மறைந்த யூத குரு யூதா லோவ் அவர்களின் சமாதி முன்புதான். வேண்டுதலை துண்டு சீட்டில் எழுதி, அதன் மேல் கூழாங்கல் வைத்துவிட்டு போகிறார்கள். பூ வைப்பது அவர்கள் வழக்கம் அல்ல, கல்தான். இவர் களிமண்ணில் ஒரு பூதத்தை செய்து, மந்திரம் சொல்லி உயிர் கொடுத்து, யூதர்களை காப்பாற்றினார் என்று ஒரு கதை உண்டு. கடைத்தெருவில் அந்த பூதத்தின் பொம்மை விற்கிறது. உண்மையில், குருவையும் பூதத்தையும் சேர்த்து சொல்லும் கதை 19-ம் நூற்றாண்டில்தான் பரவியது. லோவ் பெரிய கல்விமான். சக்கரவர்த்தி இரண்டாம் ருடால்ப் 1592-ல் அவரை அழைத்து பேசினார். மனிதரின் படிப்பை விட்டுவிட்டு பூதத்தை பிடித்துக்கொள்வது எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

இடது பக்கம் சுற்றும் கடிகாரம்

அருகில் உள்ள ‘பழைய-புதிய ஜெப ஆலயம்’ 1270-ம் ஆண்டு வாக்கில் கட்டப்பட்டது. இன்றும் வழிபாடு நடக்கும் ஐரோப்பிய ஜெப ஆலயங்களில் மிக பழையது இதுதான். தெரு மட்டத்தில் இருந்து படி இறங்கி உள்ளே போக வேண்டும். பெண்களுக்கு தனி இடம். சுவரில் உள்ள சிறு துவாரங்கள் வழியாகத்தான் அவர்கள் வழிபாட்டை கேட்டார்கள். ஆண்கள் தலையை மூடிக்கொண்டு போக வேண்டும்.

எதிரே யூத நகர மன்றம். அதில் மேலும் கீழுமாக இரண்டு கடிகாரங்கள். கீழே உள்ளதில் எண்களுக்கு பதில் எபிரேய எழுத்துகள். எபிரேயத்தை வலமிருந்து இடமாக படிக்க வேண்டும் அல்லவா? அதனால் முள்ளும் இடது பக்கமாகவே சுற்றுகிறது! சுற்றுலா பயணிகள் நின்று படம் எடுக்காமல் போவதில்லை.

இடித்தார்கள், சேர்த்தார்கள்

19-ம் நூற்றாண்டில் யூதர்கள் விரும்பிய இடத்தில் குடியேறலாம் என்று ஆனது. வசதி உள்ளவர்கள் வெளியேறினார்கள். ஏழைகள் தங்கினார்கள். சாக்கடையும் நோயும் பெருகின. 1893-ல் சட்டம் போட்டு, பேட்டையை இடிக்க தொடங்கினார்கள். சந்து பொந்துகள் போய், அகலமான சாலைகளும் மாடி வீடுகளும் வந்தன. 6 ஜெப ஆலயங்கள், நகர மன்றம், கல்லறை தோட்டம் ஆகியவை நீங்கலாக மற்றதெல்லாம் ஏறக்குறைய போய்விட்டது.

இடித்த ஆலயங்களில் இருந்த வெள்ளி பாத்திரங்கள், திரைச்சீலைகள், ஏடுகள் குப்பைக்கு போய்விடக்கூடாது என்று 1906-ல் யூதர்கள் ஒரு மியூசியம் தொடங்கினார்கள். அப்போது சேர்ந்த பொருட்கள் சுமார் ஆயிரம்.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது அதே மியூசியத்தில் இருந்த பொருட்கள் ஒரு லட்சம் அளவுக்கு இருந்தன. எப்படி?

1939 மார்ச் 15-ந்தேதி ஜெர்மன் படை பிராக் நகருக்குள் வந்தது. 1941-ல் இருந்து யூதர்களை ரெயில் ரெயிலாக வெளியேற்றினார்கள். ஊர் ஊராக ஜெப ஆலயங்கள் காலியாகின. அங்கிருந்த பூஜை பொருட்களை எல்லாம் பிராக் நகருக்கு அனுப்பும்படி 1942-ல் உத்தரவு போனது. யோசனை சொன்னவர்கள் யூத அலுவலர்கள். எப்படியாவது பொருட்களையாவது காப்பாற்றலாம் என்பது அவர்கள் நினைப்பு. நாஜிகள் சம்மதித்தார்கள். ‘அழிந்துபோன இனத்தின் மியூசியம்’ அமைக்க ஹிட்லர் திட்டமிட்டார் என்று பயணிகளிடம் இன்றும் சொல்வார்கள். அப்படி ஒரு எழுத்து மூலமான உத்தரவு கிடைக்கவில்லை. நாஜிகள் ஏன் சம்மதித்தார்கள் என்பது பற்றி சரித்திர ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

வேலை மட்டும் ஒழுங்காக நடந்தது. வந்த பெட்டிகளை யூத ஊழியர்கள் பிரித்தார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அட்டை. எந்த ஊர், என்ன பொருள், என்ன அளவு, எந்த காலம் என்று எழுதினார்கள். அந்த ஊரில் இப்போது ஆள் இல்லை என்பது எழுதுகிறவருக்கு தெரியும். தன் பெயரும் ஒரு நாள் ரெயில் பட்டியலில் வரும் என்பதும் தெரியும். வரவும் செய்தது. அந்த ஊழியர்களில் பெரும்பாலானவர்கள் திரும்பவில்லை. அவர்கள் எழுதிய அட்டைகள் இருக்கின்றன. ஒரு ஆபீசில் உட்கார்ந்து பதிவேடு எழுதுகிற வேலையில் எவ்வளவு துணிச்சல் இருக்க முடியும் என்பதற்கு, இதைவிட பெரிய உதாரணம் தெரியவில்லை.

தெரேசின் கோட்டை

ரெயிலில் ஏற்றியவர்களை முதலில் கொண்டுபோன இடம் தெரேசின். பிராக் நகரில் இருந்து சுமார் 60 கிலோ மீட்டர். பஸ்சில் ஒரு மணி நேரம். யூதர்களை வெளியேற்றினாரே மரியா தெரசா, அவர் பெயரில் மகன் ஜோசப் கட்டிய கோட்டை ஊர் அது. சுமார் 7 ஆயிரம் பேர் வசித்த ஊர். 1942 செப்டம்பரில் 58 ஆயிரம் பேரை அங்கே அடைத்தார்கள். பசியாலும் நோயாலும் சுமார் 33 ஆயிரம் பேர் அங்கேயே மாண்டார்கள். சுமார் 88 ஆயிரம் பேரை அங்கிருந்து கிழக்கே, ஆஷ்விட்ஸ் முதலான கொலைக்கூடங்களுக்கு அனுப்பினார்கள். பிழைத்து வந்தவர்கள் மிக சிலரே.

1944 ஜூன் 23-ந்தேதி செஞ்சிலுவை சங்க பிரதிநிதிகள் பார்வையிட வந்தார்கள். அதற்கு முன்பே வீடுகளுக்கு வெள்ளை அடித்தார்கள். பூந்தோட்டம் போட்டார்கள். காபி கடை, பாங்கி, குழந்தைகள் விளையாடும் இடம் எல்லாம் முளைத்தன. கூட்டம் அதிகம் என்று தெரியக்கூடாது என்பதற்காக, மே மாதத்தில் 7,500 பேரை ஆஷ்விட்சுக்கு அனுப்பி விட்டார்கள். வந்தவர்கள் காட்டிய வழியில் நடந்து, காட்டியதை பார்த்து, திருப்தி தெரிவித்து விட்டு போனார்கள்.

இந்த ஊரில் பிரைட்ல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவிய ஆசிரியை இருந்தார். வியன்னாவில் பிறந்தவர். 1942 டிசம்பரில் கைதியாக வந்தார். குழந்தைகளை கூட்டி வைத்து படம் வரைய சொல்லிக்கொடுத்தார். காகிதம் கிடைக்காது. ஆபீஸ் பாரங்களின் பின்பக்கம், உறை, பொட்டலம் கட்டிய தாள் எது கிடைத்தாலும் அதில் வரைந்தார்கள். முகாமில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. அந்த அம்மையார், படத்தின் மூலையில் எண்ணை அல்ல, அவரவர் பெயரை எழுத சொன்னார்.

1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்சுக்கு அனுப்பி கொன்றார்கள். போகும் முன்பு படங்களை இரண்டு பெட்டிகளில் வைத்து மறைத்தார். போர் முடிந்த பிறகு அவை யூத சமூகத்தாரிடம் வந்து சேர்ந்தன. சுமார் 4,500 படங்கள். பின்காஸ் ஆலயத்தின் மாடியில் அவற்றில் சிலவற்றை வைத்திருக்கிறார்கள். வீடு, மரம், பட்டாம்பூச்சி, சாப்பாட்டு மேஜை. கீழே பெயர், வயது. வரைந்த குழந்தைகளில் பெரும்பாலோர் பெயர், கீழ்த்தள சுவரிலும் இருக்கிறது.

காப்காவும் பம்பாயும்

பிராக் யூதர்களில் உலகம் அறிந்த பெயர் பிரான்ஸ் காப்கா. 1883-ல் இந்த பேட்டையின் ஓரத்தில் பிறந்தவர். 1908-ல் இருந்து 1922 வரை, தொழிலாளர் விபத்து இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தார். எந்திரத்தில் கை போன தொழிலாளிக்கு நஷ்டஈடு எவ்வளவு என்று கணக்கு பார்க்கிற ஆபீஸ். பகல் 2 மணிக்கு வேலை முடியும். இரவில் உட்கார்ந்து கதை எழுதுவார். 1924-ல் காச நோயால் இறந்தார். புதிய யூத கல்லறை தோட்டத்தில், பெற்றோருடன் ஒரே சமாதியில் இருக்கிறார். சமாதியின் அடியில் ஒரு சிறு பலகை. அவருடைய மூன்று சகோதரிகளின் பெயர்கள். மூவரையும் நாஜிகள் கொன்றார்கள். அவர்களுக்கு சமாதி இல்லை. கடைசி தங்கை ஒட்லா, 1943 அக்டோபரில் தெரேசினில் இருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட அனாதை குழந்தைகளை ரெயிலில் அனுப்பியபோது, துணைக்கு தானே முன்வந்து போனார். அந்த ரெயில் ஆஷ்விட்சுக்கு போனது.

காப்கா தன் தோழி மிலேனாவுக்கு எழுதிய கடிதங்கள் புகழ் பெற்றவை. ஜெர்மன் படை வந்த 1939-ல், மிலேனா அவற்றை வில்லி ஹாஸ் என்ற பிராக் எழுத்தாளரிடம் ஒப்படைத்தார். ஹாசும் யூதர். அவர் தப்பி வந்து சேர்ந்த ஊர் எது தெரியுமா? பம்பாய்! இங்கே சினிமாவுக்கு கதை வசனம் எழுதி பிழைத்தார். போருக்கு பிறகு ஐரோப்பா திரும்பி, 1952-ல் அந்த கடிதங்களை புத்தகமாக கொண்டுவந்தார்.

இன்னொருவரை நமக்கு பெயர் தெரியாமலே தெரியும். காலையில் ஆல் இந்தியா ரேடியோ நிகழ்ச்சி தொடங்கும் முன்பு வயலினில் ஒலித்த அந்த அடையாள இசையை கேட்காதவர் உண்டா? சிவரஞ்சனி சாயலில் அதை அமைத்தவர் வால்டர் காப்மன் என்று சொல்வார்கள். கார்ல்ஸ்பாட் நகரில் பிறந்த யூதர். பிராக் நகரில் படித்தவர். 1934-ல் பம்பாய் வந்து, 1937 முதல் 1946 வரை வானொலி நிலையத்தில் வேலை பார்த்தார். பின்னர் அமெரிக்கா போய், 1984-ல் அங்கே காலமானார்.

அழித்த பெயர்களை மறுபடி எழுதினார்கள்

மீண்டும் பின்காஸ் ஆலயத்துக்கு வருவோம். சுவரில் முதலில் பெயர்களை எழுதியது 1954 முதல் 1959 வரை. வாக்லாவ் போஷ்டிக், யிரி ஜான் என்ற இரண்டு ஓவியர்கள் இந்த பணியை செய்தார்கள். 1968-ல் ஆலயத்தை மூடினார்கள். காரணம், நிலத்தடி நீர் சுவரில் ஏறியது என்றார்கள். அது உண்மைதான். ஆனால் ரிப்பேர் 20 ஆண்டுகளுக்கு மேல் இழுத்தது. சுவரில் இருந்த பெயர்கள் போய்விட்டன. 1967-ல் இஸ்ரேலுடன் உறவை முறித்துக்கொண்ட கம்யூனிஸ்டு அரசுக்கு, யூதர்களின் பெயர்களை காப்பாற்ற அவசரம் இல்லை. ஈரத்தின் மேல் மட்டும் பழி போட முடியாது.

1989-ல் அந்த ஆட்சி விழுந்தது. 1992 முதல் 1996 வரை எல்லா பெயர்களையும் மறுபடி முதலில் இருந்து எழுதினார்கள். 1994-ல் மியூசியமும் யூத சமூகத்தார் கைக்கு திரும்ப வந்தது. 2002 ஆகஸ்டில் நதியில் பெரிய வெள்ளம். ஆலயத்துக்குள் தண்ணீர் புகுந்து, சுவரின் கீழ் பகுதியில் இருந்த பெயர்கள் கெட்டன. அவற்றை மூன்றாவது தடவையாக எழுதினார்கள்.

போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. சனிக்கிழமையும் யூத பண்டிகை நாட்களிலும் மியூசியம் கிடையாது. ஒரே நாளில் தெரேசினையும் இதையும் சேர்த்து பார்க்க முயல வேண்டாம். முடியாது என்பதல்ல, பார்த்தது மனதில் தங்காது.

பொருட்களை பற்றி ஒரு சேதி மீதி இருக்கிறது. ஊர் ஊராக வந்தவற்றில் தோரா என்னும் வேத சுருள்களும் இருந்தன. தோலில், கையால் எழுதியவை. போருக்கு பிறகு அவை பிராக் நகரின் ஓரத்தில், ஈரம் படிந்த ஒரு பழைய ஆலயத்தில் கிடந்தன. 1964-ல் செக்கோஸ்லோவேகிய அரசு அவற்றை விற்றது. 1,564 சுருள்கள் லண்டனில் உள்ள ஒரு ஜெப ஆலயத்துக்கு போய் சேர்ந்தன. கிழிந்தவற்றை தைத்து, அழிந்த எழுத்துகளை மறுபடி எழுதி, உலகம் எங்கும் உள்ள ஜெப ஆலயங்களுக்கு கொடுத்தார்கள். விலைக்கு அல்ல, இரவலாக. ஒவ்வொரு சுருளுக்கும் ஒரு எண் உண்டு. பலவற்றுக்கு எந்த ஊரில் இருந்து வந்தது என்பதும் தெரியும்.

சுருளை வாங்கி சென்ற அமெரிக்க, ஆங்கிலேய யூதர்கள் இப்போது அந்த ஊர்களை தேடி வருகிறார்கள். சின்ன சின்ன செக் ஊர்கள். அங்கே யூதர் யாரும் இல்லை. பழைய ஜெப ஆலயம் சில இடங்களில் நூலகமாக, சில இடங்களில் கிடங்காக இருக்கும். உள்ளூர் பள்ளி ஆசிரியர் யாராவது வந்து, இது அவர்கள் தெரு, இது அவர்கள் வீடு என்று காட்டுவார். வந்தவர்கள் சில சமயம் சுருளையும் கூடவே கொண்டு வருகிறார்கள். அது எழுதப்பட்ட காலத்தில் படித்த அதே இடத்தில் வைத்து, ஒரு தடவை படித்துவிட்டு, திரும்ப சுருட்டி எடுத்துக்கொண்டு போகிறார்கள்.